பள்ளி நாடக ஆடிஷன் பயம்: ஐந்து வழிகளில் உங்களுக்கு ஒத்துவருவது எது?

அறிவிப்புப் பலகையில் நாடகத்துக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆடிஷனின் தேதி ஒட்டப்பட்டதும் ஆசை ஒரு பக்கம் இழுக்கும், வயிற்றைக் கலக்கும் பயம் மறுபக்கம் இழுக்கும். யோசனை கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன் பழகு என்பார் ஒருவர். நண்பர்களிடம் நடித்துக் காட்டு என்பார் இன்னொருவர். நடிப்பு வகுப்பில் சேர், இந்த வருடம் மேடைக்குப் பின்னால் வேலை பார், ஆசிரியரிடம் போய்ப் பேசு என்று மற்றவர்கள். ஐந்துமே பயன் உள்ளவைதான். ஆனால் ஐந்தும் ஒரே பயத்துக்கான மருந்து இல்லை. தவறான வழியைப் பிடித்தவர்கள் இரண்டு வாரம் உழைத்துவிட்டு, தேர்வறை வாசலில் அதே நடுக்கத்தோடு நிற்பதற்குக் காரணம் இதுதான்.

## முதலில், எதற்குப் பயம்?

"ஆடிஷன்னா பயம்" என்று பொதுவாகச் சொல்கிறோம். பிரித்துப் பார்த்தால் உள்ளே நான்கு வேறு பயங்கள் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு இவற்றில் ஒன்று தூக்கலாக இருக்கும்.

வசனம் மறந்துவிடுமோ. இதைச் சோதிப்பது எளிது. யாரும் இல்லாத அறையில், தாளைப் பார்க்காமல், நடந்துகொண்டே முழு வசனத்தையும் சொல்லிப் பாருங்கள். அங்கேயே தடுமாறினால் இது பாதி பயம், பாதி மனப்பாடக் குறை.

பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள். தனியறையில் தங்குதடையின்றி வந்த வசனம், ஒரே ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்ததும் குரலிறங்கிப் போகிறதா? அப்படியானால் உங்கள் சிக்கல் வசனத்தில் இல்லை, உங்களைப் பார்க்கிற கண்களில் இருக்கிறது. பள்ளி மாணவர்களிடம் அதிகம் காணப்படுவது இதுதான்.

உடம்பு காட்டிக்கொடுத்துவிடுமோ. கை நடுங்குவது, வாய் உலர்வது, குரல் கம்முவது. அட்ரினலின் ஏறும்போது இதயம் வேகமெடுக்கிறது, உமிழ்நீர் குறைகிறது, மூச்சு மேலோட்டமாகிறது. மூச்சு பற்றாததால் ஒவ்வொரு வாக்கியமும் கடைசிச் சொல்லில் அமுங்குகிறது. இங்கே பயம் நடிப்பைப் பற்றியது கூட இல்லை, நடுக்கம் வெளியே தெரிந்துவிடுமே என்பதுதான்.

கிடைக்காமல் போய்விட்டால். நடித்துக் காட்டுவதில் பெரிய தயக்கம் இருக்காது. தேர்வானவர்களின் பட்டியலில் பெயர் இல்லாமல், எல்லோருக்கும் அது தெரிந்துபோகும் நாளை நினைத்தால்தான் நெஞ்சு அடைக்கும்.

இன்றே ஒரு தாளில் இந்த நான்கையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண் போட்டு வையுங்கள். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்த மதிப்பெண்களை நம்பித்தான் இருக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் அளக்கலாம்.

1. கையில் இருக்கும் நாட்களுக்குள் பலன் தருமா?
2. உங்களுக்குத் தூக்கலாக இருக்கும் பயத்தைத் தொடுமா?
3. இந்த ஒரு தேர்வைக் கடக்க மட்டும் உதவுமா, அடுத்த முறைக்கும் பயத்தைக் குறைக்குமா?
4. வெளியே தெரியாத செலவு என்ன? நேரம், பணம், பிறரிடம் உதவி கேட்கும் சங்கடம், ஒட்டிக்கொள்ளும் கெட்ட பழக்கம் எல்லாம் இதில் சேரும்.

மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக எடை தர வேண்டும் என்பது எங்கள் கருத்து. இன்றைக்கு நிம்மதி தருகிற வழிகளில் சில, பயத்துக்குத் தீனி போட்டு வளர்ப்பவை. ஒவ்வொரு முறை தப்பித்து ஓடும்போதும் கிடைக்கும் நிம்மதி, "ஓடியது சரிதான்" என்று மனத்துக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

| வழி | தேவைப்படும் காலம் | எந்தப் பயத்துக்கு | மறைவான செலவு | யாருக்கு முதல் தேர்வு |
|---|---|---|---|---|
| தனிப் பயிற்சி, கைபேசிப் பதிவு | 4 முதல் 7 நாள் | மறதி | ஒரே தொனி உறைந்துபோவது | வசனம் இன்னும் வாயில் நிற்காதவர்களுக்கு |
| சிறு கூட்டத்தின் முன் ஒத்திகை | 7 முதல் 14 நாள் | பிறர் பார்வை, உடல் நடுக்கம் | தவறான ஆட்களின் விமர்சனம் | பெரும்பாலானவர்களுக்கு |
| நடிப்பு வகுப்பு | 6 வாரத்துக்கு மேல் | பிறர் பார்வை | பணம், காலம், வகுப்பின் பாணி | ஆடிஷனுக்கு மாதக்கணக்கில் இருந்தால் |
| இந்த முறை மேடைக்குப் பின்னால் | ஒரு நாடகக் காலம் | கிடைக்காமல் போகும் பயம், தெரியாத இடத்தின் பயம் | தள்ளிப்போடுதல் பழகிவிடுவது | பயம் எட்டுக்கு மேல், நாளும் குறைவு என்றால் |
| ஆசிரியரிடம் பேசித் தேர்வு முறையை மாற்றிக் கேட்பது | ஒரே நாள் (ஒரு வாரம் முன்பே) | எல்லா வகைக்கும் ஓரளவு | அதிகமாக மாற்றினால் பயம் அப்படியே தங்கும் | வாசிப்புச் சிரமம், திக்குவாய் உள்ளவர்களுக்குக் கட்டாயம் |

## 1. தனிப் பயிற்சி

யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, காசு செலவில்லை, இன்றிரவே தொடங்கலாம். அதனால்தான் எல்லோரும் முதலில் இங்கே வருகிறார்கள். பலர் இங்கேயே நின்றும்விடுகிறார்கள்.

மறதிப் பயத்துக்கு இது நேரான வழி. ஆனால் மனப்பாடம் செய்யும் முறை முக்கியம். முதல் வரியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு முறையும் சிக்கும் இடம்வரை போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் முதல் நான்கு வரிகள் இரும்பாகும், கடைசி நான்கு வரிகள் நூலாக இருக்கும். தலைகீழாகச் செய்யுங்கள். வசனத்தை நான்கைந்து துண்டுகளாகப் பிரித்து, கடைசித் துண்டை முதலில் மனப்பாடம் செய்யுங்கள். பிறகு அதற்கு முந்தைய துண்டைச் சேர்த்துக் கடைசிவரை சொல்லுங்கள். இப்படிப் போனால், சொல்லச் சொல்ல நன்றாகத் தெரிந்த பகுதிக்குள் நுழைந்துகொண்டே இருப்பீர்கள். ஒரே இரவில் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட, காலை, மாலை, படுக்கும் முன் எனப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து ஐந்து நாள் செய்தால் நன்றாகத் தங்கும். இடைவெளி விட்டுப் படிப்பது ஞாபகத்தில் நிற்கும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதனைக்கு உட்படுத்தி எழுதிவைத்தார்.

கண்ணாடியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கண்ணாடி முன் நிற்கும்போது கண் சொந்த முகத்தையே தேடும். புருவம் எப்படி ஏறுகிறது, வாய் எப்படி வளைகிறது என்று முகபாவத்தை மனப்பாடம் செய்துவிடுவீர்கள். தேர்வறையில் கண்ணாடி இருக்காது. எதிரில் யாரிடம் பேசுகிறோம் என்ற எண்ணமும் அதற்குள் போயிருக்கும்.

கைபேசிப் பதிவு அதைவிட மேல். ஒரு பதிவை மூன்று முறை பாருங்கள். முதல் முறை ஒலியை அணைத்துவிட்டு: கால் தரையில் நிற்கிறதா, கை காரணமில்லாமல் ஆடுகிறதா. இரண்டாம் முறை திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டு: வாக்கியத்தின் கடைசிச் சொல் கேட்கிறதா. மூன்றாம் முறை முழுதாகப் பார்த்து, திருத்த வேண்டியது ஒன்றே ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். பத்துக் குறையைப் பட்டியல் போட்டால் பயம்தான் கூடும். ஒரு நாளைக்கு மூன்று பதிவு போதும். பிடிக்காததை அழித்து அழித்து எடுக்கும் பழக்கம் வந்தால், "மறுபடி எடுக்கலாம்" என்ற வசதிக்கு மனம் பழகிவிடும். தேர்வறையில் அந்த வசதி கிடையாது.

மறைவான செலவு இன்னொன்றும் உண்டு. தனியாகவே பழகியவரின் வசனம் ஒரே தொனியில் உறைந்துவிடும். நாடகத்தை இயக்குபவர் கேட்டுவிட்டு, "இதையே கோபமில்லாமல், கெஞ்சுகிற மாதிரி சொல்லு, பார்ப்போம்" என்பார். உங்களைக் கவிழ்க்க அவர் அப்படிக் கேட்பதில்லை. சொன்னால் மாற்றிக்கொள்ளக்கூடியவரா என்று பார்க்கிறார். உறைந்த தொனிக்காரர் இங்கேதான் திகைத்து நிற்பார். அதனால் மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொரு முறையும் வேறு நோக்கத்தோடு சொல்லுங்கள்: ஒருமுறை மிரட்ட, ஒருமுறை சமாதானம் செய்ய, ஒருமுறை ரகசியம் சொல்ல.

இது போதும் எப்போது: மறதிக்கு ஏழு மதிப்பெண், மற்றவை மூன்றுக்குக் கீழ்.
போதாது எப்போது: பிறர் பார்வைதான் பயம் என்றால். ஆள் இல்லாத அறையில் நூறு முறை சொன்னாலும் ஆள் இருக்கும் அறை பழகாது.

## 2. சிறு கூட்டத்தின் முன் ஒத்திகை

ஐந்தில் ஒன்றைத்தான் சொல்ல முடியும் என்றால் இதைச் சொல்வோம். பயப்படும் சூழலுக்குப் படிப்படியாகப் பழகி, ஒரு படியில் பயம் தணிந்த பிறகே அடுத்த படிக்குப் போவது என்ற முறையை மனநல மருத்துவர் ஜோசஃப் வோல்பே 1958-ல் வெளியிட்ட நூலில் விரிவாக வகுத்துக் காட்டினார். பயங்களுக்கான சிகிச்சையில் அதன் வழிவந்த முறைகள் இன்றும் முதன்மையானவை. ஆடிஷனுக்கு அதை இப்படி மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி. நம்பிக்கையான ஒருவர், உங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்கட்டும். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பார்வை இல்லாமல் காது மட்டும் இருக்கும் இந்த நிலை, தனியறைக்கும் மேடைக்கும் நடுவே நல்ல முதல் படி.

இரண்டாம் படி. அதே ஆள் திரும்பி உட்காரட்டும்.

மூன்றாம் படி. இருவர், ஒரு மேசைக்குப் பின்னால், கையில் பேனா. நீங்கள் நடிக்கும்போது அவர்கள் சிரிக்கவோ தலையாட்டவோ கூடாது. நடுநடுவே குனிந்து எதையாவது எழுத வேண்டும். தேர்வாளர்கள் குனிந்து எழுதும் கணத்தில்தான் பலருக்கு நெஞ்சு விழுந்துவிடுகிறது, "பிடிக்கவில்லை போல" என்று. அவர்கள் எழுதுவது பல நேரம் உங்கள் பெயரும் பாத்திரமும்தான். பேனா ஓடுவதை முன்பே நான்கு முறை பார்த்தவருக்கு அது வெறும் பேனா.

நான்காம் படி. நான்கைந்து பேர். அதில் ஒருவராவது அவ்வளவு நெருக்கமில்லாதவராக இருக்கட்டும்.

ஐந்தாம் படி. உண்மையான தேர்வறை, அல்லது அதே அளவுள்ள வேறு அறை. கதவைத் திறந்து நடந்துவருவதிலிருந்து தொடங்குங்கள்.

ஒவ்வொரு படியிலும் ஒரே அமர்வில் மூன்று முறையாவது செய்யுங்கள். சொல்லும் முன்னும் பின்னும் பயத்துக்கு மதிப்பெண் போடுங்கள். முதல் முறை எட்டு இருந்தது மூன்றாவதில் நான்கு, ஐந்துக்கு வந்தால் அடுத்த படிக்கு ஏறலாம். வராவிட்டால் நாளைக்கும் அதே படி, அவசரமில்லை. ஒரே ஒரு விதியை மட்டும் மீறக் கூடாது: பயம் உச்சத்தில் இருக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டு ஓடக் கூடாது. தட்டுத் தடுமாறியாவது கடைசி வரிவரை போய்விட்டுத்தான் உட்கார வேண்டும்.

மூன்றாம் படியிலிருந்து இடைஞ்சல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் இருமட்டும், ஒரு புத்தகம் கீழே விழட்டும், நடுவாக்கியத்தில் "நன்றி, போதும்" என்று நிறுத்தட்டும். நேரக் குறைவால் தேர்வாளர்கள் பாதியில் நிறுத்துவது சாதாரணம். அதை முதன்முதலாகத் தேர்வறையிலேயே சந்திப்பவர் தோற்றுவிட்டதாக நினைத்துக் கண்கலங்கி வெளியே வருவார்.

உடல் நடுக்கம்தான் கவலை என்பவர்களுக்கு இந்த வழியில் ஒரு கூடுதல் பரிசோதனை இருக்கிறது. நடித்து முடித்ததும், எவ்வளவு பதற்றமாகத் தெரிந்திருப்பீர்கள் என்று நீங்கள் ஒரு மதிப்பெண் எழுதுங்கள். பார்த்தவர்களும் தனித்தனியாக எழுதட்டும். பிறகு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் அவர்கள் எண் உங்கள் எண்ணைவிடக் குறைவாக இருக்கும். நம் உள்ளே நடப்பது வெளியே அப்படியே தெரிவதாக நாம் மிகைப்படுத்தி நினைக்கிறோம். உளவியலாளர்கள் கென்னத் சாவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், "உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை" என்று முன்கூட்டியே விளக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாக மேடையில் பேசினார்கள். புத்தகத்தில் படித்து இதை நம்புவது கடினம். இரண்டு தாள்களில் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் நம்பிக்கை வரும்.

இனி மறைவான செலவு. ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் சறுக்கினால் இந்த வழி கெடுதலே செய்யும். மூன்று பேரைத் தவிருங்கள்: ஒவ்வொரு சொல்லுக்கும் திருத்தம் சொல்பவர், எதைச் செய்தாலும் "சூப்பர்" என்பவர், அதே பாத்திரத்துக்குப் போட்டியிடுபவர். மூன்றாமவர் நல்ல மனசுக்காரராகவே இருக்கலாம். ஆனாலும் அவர் சொல்லும் ஒவ்வொரு கருத்தையும் உங்கள் மனம் சந்தேகப்படும். பெற்றோர் உட்காருவது நல்லதா என்றால், வீட்டைப் பொறுத்தது. மகள் தடுமாறும்போது அம்மாவின் உதடும் கூடவே அசைகிறது என்றால், அன்று அம்மா பார்வையாளர் வரிசையில் இல்லாமல் இருப்பதே இருவருக்கும் நல்லது.

கருத்துச் சொல்பவர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: "எந்த இடத்தில் சரியாகக் கேட்கவில்லை?", "எந்த இடத்தில் நான் சொன்னதை நம்ப முடியவில்லை?" இதற்கு மேல் வருவதை நன்றியோடு கேட்டு விட்டுவிடலாம். ஐந்து பேரின் ஐந்து யோசனையையும் நடிப்பில் ஏற்றினால் பாத்திரம் சிதறிவிடும்.

## 3. நடிப்பு வகுப்பு

நீண்ட காலத்துக்கு நல்லது, உடனடித் தேவைக்கு மெதுவானது. நல்ல வகுப்பில் முதல் சில வாரங்கள் வசனமே இருக்காது. நடப்பது, மூச்சு, குழு விளையாட்டுகள், அப்போதைக்கு அப்போது கற்பனை செய்து நடிப்பது என்றுதான் போகும். பிறர் முன்னால் தப்பு செய்வது பழகிப்போகும் என்பதே இதன் பெரிய லாபம். ஆடிஷன் பத்து நாளில் இருக்கும்போது சேர்ந்தால் அந்த லாபம் கைக்கு வரும் முன்பே தேர்வு முடிந்திருக்கும்.

சேரும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு மணி நேர வகுப்பில் இருபது பேர் என்றால், ஆசிரியர் பேசும் நேரத்தைக் கழிக்காமலே ஆளுக்கு மூன்று நிமிடம்தான். உங்கள் பயம் குறைவது நீங்கள் எழுந்து நிற்கும் நிமிடங்களில்தான், சுவரோரம் உட்கார்ந்து பார்க்கும் நிமிடங்களில் இல்லை. எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் உள்ள வகுப்பைத் தேடுங்கள், ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். யாராவது தடுமாறும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். கேலியாகத் திருத்துகிறார் என்றால் அந்த வகுப்பு வேண்டாம், எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும்.

செலவில் பணத்தைத் தவிர இன்னொன்று: சில வகுப்புகள் எல்லோரையும் ஒரே மாதிரி பேசவைத்து அனுப்பும். ஒரே வகுப்பிலிருந்து வந்த நான்கு பேர் ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே இடத்தில் குரல் உயர்த்துவது தேர்வாளருக்கு உடனே தெரிந்துவிடும்.

வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னாலே பயம், புதியவர்களிடம் பேசவே கூச்சம் என்று பயம் ஆடிஷனைத் தாண்டிப் பரவியிருந்தால், இந்த வழிக்குக் கொடுக்கும் காலம் வீண் போகாது.

## 4. இந்த முறை மேடைக்குப் பின்னால்

ஒளியமைப்பு, அரங்கப் பொருட்கள், உடை, வசனம் எடுத்துக் கொடுப்பது. இவை ஆறுதல் பரிசுகள் இல்லை. நாடகம் இவற்றில்தான் நிற்கிறது, இவற்றையே விரும்பி வாழ்நாள் முழுக்கச் செய்பவர்கள் இருக்கிறார்கள். இங்கே கேள்வி, நடிக்க ஆசைப்படுகிற ஒருவர் பயத்தால் இதைத் தேர்ந்தெடுக்கலாமா என்பது.

தேர்ந்தெடுக்கலாம், சரியான வேலையைக் கேட்டு வாங்கினால். பயத்தைக் குறைப்பதில் இரண்டு வேலைகள் மற்ற எல்லாவற்றையும்விட மேலானவை.

ஒன்று, ஆடிஷன் நாளில் எதிர்ப் பாத்திரத்தின் வசனத்தை வாசித்துக் கொடுப்பது. வருகிறவர்கள் ஒவ்வொருவரோடும் தேர்வறையிலேயே நிற்பீர்கள், குரல் கொடுப்பீர்கள், ஆனால் உங்களை யாரும் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. ஒரே மாலையில் இருபது ஆடிஷனை உள்ளேயிருந்து பார்த்துவிடலாம். நன்றாக நடிப்பவர்களுக்கும் கை நடுங்குவது பக்கத்திலிருந்து தெரியும். தேர்வாளர்கள் சலிப்போடு உட்கார்ந்திருக்கவில்லை, அடுத்து வருபவர் நன்றாகச் செய்ய வேண்டுமே என்று காத்திருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

இரண்டு, ஒத்திகைகளில் வசனம் எடுத்துக் கொடுப்பது. கதாநாயகனாக நடிப்பவர் எத்தனை முறை மறக்கிறார் என்பது அந்த நாற்காலியில் இருப்பவருக்குத்தான் முழுதாகத் தெரியும்.

உடை மடிப்பது, பொருட்களை அடுக்குவது போன்ற வேலைகள் நாடகத்துக்குத் தேவையானவை, ஆனால் பயத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை.

செலவு என்னவென்றால், "அடுத்த முறை" என்பது மிக வசதியான சொல். இரண்டு நாடகம் பின்னாலேயே இருந்துவிட்டால் ஆசிரியரும் நண்பர்களும் உங்களை அங்கேயே பொருத்திவிடுவார்கள், நீங்களும் அதற்குள் ஒடுங்கிவிடுவீர்கள். சேரும் நாளிலேயே நாடக ஆசிரியரிடம், "அடுத்த நாடகத்துக்கு நான் ஆடிஷனுக்கு வருவேன்" என்று சொல்லிவிடுங்கள். வாய்விட்டுச் சொன்ன வார்த்தைக்குப் பிடிமானம் அதிகம். நடுவழி ஒன்றும் உண்டு: ஆடிஷனுக்குப் போய், விண்ணப்பத்தில் கூட்டக் காட்சியோ சிறு பாத்திரமோ போதும் என்று குறிப்பிடுவது. பயம் ஏழுக்குள் இருப்பவர்களுக்குப் பின்மேடையைவிட இதுவே நல்லது, ஏனென்றால் இதில் தேர்வறைக்குள் போய்த் திரும்புவது நடந்துவிடுகிறது.

## 5. ஆசிரியரிடம் பேசுவது

ஐந்து நிமிட வேலை. ஆனால் மிகக் குறைவானவர்களே செய்கிறார்கள், கேட்டால் பலவீனம் என்று நினைப்பார்களோ என்ற தயக்கத்தால். கேட்கக்கூடியவை நிறைய இருக்கின்றன: முதல் ஆளாக அழைக்கச் சொல்லலாம், மற்ற மாணவர்கள் இல்லாத அறையில் நடத்தக் கேட்கலாம், தனி வசனத்துக்குப் பதில் இருவர் காட்சி கேட்கலாம், அங்கேயே கொடுத்து வாசிக்கச் சொல்லும் பக்கத்தை ஒரு நாள் முன்னதாகக் கேட்கலாம், தாளைக் கையில் வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம், முந்தைய நாள் அந்த அறையில் ஒருமுறை நின்று பழகக் கேட்கலாம்.

எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் பலர் நிற்கிறார்கள். இந்த அளவு போதும்: "டீச்சர், எனக்கு ஆடிஷனுக்கு வரணும்னு ரொம்ப ஆசை. எல்லார் முன்னாடியும் தனியா நிக்கறதுதான் பயமா இருக்கு. என்னை முதல் ஆளா கூப்பிட முடியுமா?" ஆசையை முதலில் சொல்லுங்கள், பயத்தை ஒரே வரியில் சொல்லுங்கள், கேட்பது ஒன்றாக இருக்கட்டும். ஆடிஷனுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பு, ஆசிரியர் அவசரத்தில் இல்லாத நேரத்தில்.

இந்தப் பட்டியலில் எதைக் கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். முதல் ஆளாகப் போவதும் அறையை முன்கூட்டிப் பார்ப்பதும் பயத்தைக் குறைக்கும், தேர்வை மாற்றாது. பெரும்பாலோருக்குப் பதற்றம் மிக அதிகமாக இருப்பது காத்திருக்கும் நேரத்திலும் முதல் நிமிடத்திலும்தான் என்பதால், காத்திருப்பைக் குறைப்பதே பெரிய உதவி. காணொளியாக எடுத்து அனுப்பும் சலுகை அப்படி இல்லை. நாடகத்தன்று அரங்கம் நிறைய ஆட்கள் இருப்பார்கள். அந்தப் பயத்தை ஆடிஷனில் தள்ளிப்போட்டால், இன்னும் பெரிய உருவத்தில் அங்கே வந்து நிற்கும்.

எழுத்துக்கூட்டி வாசிப்பதில் சிரமம் உள்ளவர்களுக்குப் பக்கத்தை முன்னதாகத் தருவது சலுகையே இல்லை. தேர்வாளர் அளக்க வேண்டியது நடிப்பை, வாசிப்பு வேகத்தை இல்லை. திக்குவாய் உள்ளவர்களும் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம். மனப்பாடமான வசனத்தை ஒரு பாத்திரமாக மாறிச் சொல்லும்போது பலருக்குத் திக்கல் குறைகிறது. ஆனால் தயாரிக்காத பக்கத்தைத் திடீரென வாசிக்கும்போது கூடலாம். முன்கூட்டிச் சொல்லிவைத்தால் அவசரப்படுத்தாமல் கேட்பார்கள்.

## இந்த ஐந்திலும் அடங்காதவை

இதயப் படபடப்பைக் குறைக்க யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேடையேறும் பழக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். மருத்துவர் உங்களைப் பார்த்து எழுதித் தராத எதையும் தொடாதீர்கள். அந்த வகை மருந்துகள் சில ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானவை. ஆடிஷனை நினைத்துப் பல நாள் தூக்கம் போகிறது, வாந்தி வருகிறது, பள்ளிக்கே போக முடியவில்லை என்றால், பள்ளி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ பேசுவதுதான் முதல் வேலை. நாடகம் அதற்குப் பிறகு.

## கையில் உள்ள நாட்களை வைத்துப் பார்த்தால்

இரண்டு மாதத்துக்கு மேல்: வகுப்பில் சேருங்கள், கடைசி இரண்டு வாரத்தில் சிறு கூட்ட ஒத்திகையைத் தொடங்குங்கள்.

இரண்டு வாரம்: முதல் ஐந்து நாள் தனிப் பயிற்சி, அதில் ஒரு நாள் ஆசிரியரிடம் பேச. ஆறாம் நாளிலிருந்து படிப்படியான ஒத்திகை. பெரும்பாலான பள்ளி மாணவர்களுக்கு இந்தக் கலவைதான் பொருந்தும்.

மூன்று நாள்: நீளமான வசனத்தை விடுங்கள், ஒரு நிமிடத்துக்குள் முடிவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மனப்பாடம், இரண்டாம் நாள் ஒருவர் முன், மூன்றாம் நாள் பேனாவோடு இருவர் முன். முதல் ஆளாக அழைக்கச் சொல்லி ஆசிரியரிடம் இன்றே கேளுங்கள்.

நாளைக்கே: தாளைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். முதல் இரண்டு வரியையும் கடைசி வரியையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். சிறு பாத்திரம் போதும் என்று குறிப்பிடுங்கள். பயம் பத்துக்குப் பத்து என்றால், எதிர்ப் பாத்திரம் வாசித்துக் கொடுக்கலாமா என்று கேட்டு அறைக்குள் நில்லுங்கள். வீட்டில் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

## எந்த வழியில் வந்தாலும், அறைக்குள்

தாளைத் தனியாகப் பிடிக்காதீர்கள். ஒற்றைத் தாள் சிறு நடுக்கத்தைக் கூடப் பெரிதாக்கிச் சத்தம் போட்டுக் காட்டும். கெட்டி அட்டையில் செருகிப் பிடித்தால் அதே நடுக்கம் யாருக்கும் தெரியாது. முட்டியை விறைப்பாகப் பூட்டி நின்றால் கால் ஆடும், லேசாகத் தளர்த்துங்கள். வெளியே காத்திருக்கும்போது நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, எட்டு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள், ஐந்து முறை. தண்ணீரைச் சிறு மிடறாகக் குடியுங்கள்.

"அமைதியாக இரு, அமைதியாக இரு" என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வதைவிட, "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்வது உதவும். பாடுவதிலும் மேடைப்பேச்சிலும் இதைச் சோதித்த ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸின் ஆய்வு 2014-ல் வெளியானது. அப்படிச் சொல்லிக்கொண்டவர்கள் மேலாகச் செய்தார்கள். துடிக்கும் இதயத்தை ஒரே நிமிடத்தில் அடக்குவது கடினம். உற்சாகத்திலும் அதே துடிப்புதான் என்பதால், பெயரை மாற்றிக்கொள்வது எளிது.

உள்ளே போய் நின்று, பெயரும் பாத்திரமும் சொல்லி, ஒரு முழு மூச்சு எடுத்த பிறகே தொடங்குங்கள். அந்த மூச்சு உங்களுக்கு நீண்ட மௌனமாகத் தோன்றும், எதிரில் இருப்பவர்களுக்கு இரண்டு விநாடி. தேர்வாளரின் கண்ணைப் பார்த்து வசனம் பேசாதீர்கள். அவர் தலைக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் ஓர் இடத்தை எதிர்ப் பாத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மறந்துபோனால் மன்னிப்புக் கேட்காதீர்கள், முகத்தைச் சுளிக்காதீர்கள். அதே உணர்ச்சியோடு கடைசியாகச் சொன்ன வரியை இன்னொரு முறை சொல்லுங்கள், அடுத்தது பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் தெரிந்த அடுத்த துண்டுக்குத் தாவுங்கள். உங்கள் வசனத்தின் ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்கு மனப்பாடம் இல்லை.

## பட்டியலில் பெயர் இல்லாவிட்டால்

நான்காவது பயத்துக்கு எந்த ஒத்திகையும் முழு மருந்தாகாது, ஏனென்றால் முடிவு உங்கள் கையில் மட்டும் இல்லை. எத்தனை பாத்திரம் இருக்கிறது, அண்ணன் தம்பியாக வருபவர்கள் பக்கத்தில் நின்றால் பொருந்துகிறார்களா, இரண்டு குரல்கள் ஒன்றுபோல ஒலிக்கின்றனவா, எல்லா ஒத்திகைக்கும் வர முடியுமா என்று பலவற்றையும் பார்த்துத்தான் வேடங்களைப் பிரிக்கிறார்கள். நன்றாக நடித்தும் இடம் கிடைக்காதவர்கள் ஒவ்வொரு பட்டியலிலும் இருப்பார்கள். பட்டியலைத் தனியாகப் போய்ப் பாருங்கள், அன்றைக்கே யாரிடமும் விளக்கம் கேட்காதீர்கள். இரண்டு மூன்று நாள் கழித்து ஆசிரியரிடம் போய், "அடுத்த ஆடிஷனுக்கு நான் எதில் வேலை செய்யணும், ஒண்ணு மட்டும் சொல்லுங்க டீச்சர்" என்று கேளுங்கள். அவர் சொல்வதை, முதலில் நான்கு பயங்களுக்கும் மதிப்பெண் போட்ட அதே தாளின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த தயாரிப்பு அங்கிருந்து தொடங்கும்.